வெட்டிய டிரிப்புகள்

அந்தப் படுக்கையறைச் சுவரைப் பார்த்தால் புத்தகமே தொடாதவனுக்கும் படிக்க ஆசை வரும். ஜன்னல் ஓரத்தில் ஆரம்பித்துக் கதவு வரைக்கும், தாளோடு தாள் ஒட்டி நீட்டிய ஓர் அட்டவணை. மேல் விளிம்பில் தேதிகள், பக்கவாட்டில் மணி, நடுவில் அளவெடுத்துக் கோடு போட்ட கட்டங்கள். கணக்குக்கு நீலம், மொழிக்குப் பச்சை, தர்க்கத்துக்கு ஆரஞ்சு, திருப்புதலுக்கு ஊதா. சும்மா சொல்லக்கூடாது, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். அதில் ஒரே ஒரு குறை. அதன்படி இதுவரை ஒரு நாள்கூட யாரும் படித்ததில்லை.

அட்டவணையைப் போட்டவள் நகரப் பேருந்து டெப்போவில் கன்ட்ரோலர். ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, ஓடுகிற பஸ்களைத் திரையில் பார்த்து, மைக்கில் பேசிப் பேசி அவற்றை நேரத்துக்கு ஓடவைக்கிற வேலை. அவள் குரல் ஒவ்வொரு பஸ்ஸிலும் ஓட்டுநரின் தலைக்கு மேல் இருக்கும் ஸ்பீக்கரில் வரும். அதனால் மைக் அக்கா என்று பெயர். ரிட்டயர் ஆகப்போகிற ஓட்டுநர்கூட அவளை அக்கா என்பார், அவளும் பதிலுக்கு அண்ணே என்பாள். யார் மூத்தவர் என்பது அங்கே ஒருவருக்கும் கவலையில்லை.

மைக் அக்காவுக்கு ஓர் ஆசை. கொஞ்சநஞ்ச ஆசையல்ல. போக்குவரத்துத் திட்டமிடலில் முதுகலை படிக்க வேண்டும். யாரோ எந்தக் காலத்திலோ போட்டுவைத்த வழிகளில் பஸ்ஸை ஓடவைத்து ஓடவைத்து அவளுக்கு அலுத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு இன்றுவரை ஒரு பஸ் கிடையாது. கட்டுப் போட்ட காலோடு ஜனங்கள் முன்வாசலைச் சுற்றி நடக்கிறார்கள். அதற்கு எந்த வழியை எங்கே திருப்ப வேண்டும் என்று அவள் மனசுக்குள் எப்போதோ போட்டு முடித்தாயிற்று. போட்டு என்ன செய்ய? "நீ பஸ் ஓடற வேலையைப் பாரும்மா, வழி போடறதுக்குப் படிச்சவங்க இருக்காங்க" என்று மேனேஜர் ஒரு தடவை சொன்னார். அன்றைக்கே விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. இரண்டு வருஷம் விண்ணப்பித்தாள், இரண்டு வருஷமும் ஹால் டிக்கெட் வந்தது, இரண்டு தடவையும் தேர்வு நாள் காலையில் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டாள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். திட்டம் முடியவில்லையாம்! "பாதிப் புத்தகத்தைப் படிச்சுட்டு எந்த முகத்தோட போய் உட்கார்றது?" என்பாள். இந்த வருஷம் பல்கலைக்கழகம் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டது. வேலையில் இருப்பவர்களுக்கான மாலை வகுப்பில் ஆள் சேர்ப்பது இந்த வருஷத்தோடு சரி. இனிமேல் படிக்க வேண்டுமென்றால் வேலையை விட வேண்டும், அது நடக்கிற காரியமில்லை. ஆக, இந்தத் தடவை போய் உட்கார்ந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அவள் சோம்பேறி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சங்கதி வேறு. ஒரு நாள் ஷிஃப்ட் முடிய நேரமாகும். அன்றைக்குப் படிக்க வேண்டிய நீலக் கட்டம் விட்டுப்போகும். விட மனசு வருமா? நாளைக்குத் தள்ளுவாள். நாளைக்கு நீலம் இரண்டாகும். இடமில்லாமல் பச்சை மறுநாளுக்குப் போகும். அங்கே உட்கார்ந்திருந்த ஆரஞ்சு முறைத்துக்கொண்டு அதற்கடுத்த நாளுக்குப் போகும். இப்படி மொத்தத்தையும் அழித்து, புதுத் தாள் ஒட்டி, மறுபடி நிறம் தீட்டி நிமிரும்போது படிக்கிற நேரம் தீர்ந்திருக்கும். ஆனால் புதுத் தாளில் முதல் கோடு போடும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே! இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தலைகால் புரியாது. பாட்டெல்லாம் வரும்.

அவள் புருஷன் ஒரு லேபில் பல் செட் செய்கிறவர். பிறர் வாய்க்கு அச்செடுத்து, மெழுகு வைத்து, தேய்த்து மெருகேற்றுகிற பொறுமைசாலி. புதிதாக ஒட்டிய தாளை ஒரு நாள் தள்ளி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க ஷோகேஸ்ல இருக்கற பல் மாதிரி இருக்கு. பளபளன்னு சிரிக்குது, ஒரு வாய் மெல்ல முடியாது."

அவள் ஊதா ஸ்கெட்ச் பேனாவை அவர் மேல் வீசினாள். அவர் அதைப் பிடித்து, மூடியைத் தேடிப் போட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். அப்படிப்பட்ட மனுஷன்.

தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. ஒரு நாள் காலை கடைவீதிச் சந்திப்பில் குடிதண்ணீர்க் குழாய் வெடித்து ரோடே ஆறாகிவிட்டது. திரையில் பச்சைப் புள்ளிகளாக நகர வேண்டிய பஸ்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பாக மாறின. சிவப்பென்றால் தாமதம். ஒரு பக்கம் மூன்று பஸ் ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. இன்னொரு பக்கம் ஸ்டாப் ஸ்டாப்பாக ஜனம், பேருக்குக்கூட ஒரு பஸ் இல்லை. மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

மைக் அக்காவுக்கு இந்த மாதிரி நேரத்தில்தான் உடம்பில் உயிரே வரும். மேஜைக்கு அடியில் ஒரு மிதி உண்டு. மிதித்தால் மைக் பேசும், காலை எடுத்தால் அடங்கும். மிதித்தாள்.

"ஏழாம் நம்பர், மார்க்கெட்டோட திரும்பிடுங்க, கடைசி வரைக்கும் போக வேணாம். பன்னெண்டு, உங்க அடுத்த டிரிப்பை வெட்டியாச்சு. டெர்மினஸ்ல டீ குடிங்க, அதுக்கடுத்த டைமுக்கு எடுங்க. இருபது, நீங்க எதுக்கு அவர் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வர்றீங்க, சொந்தக்காரரா? ரெண்டு ஸ்டாப் தள்ளி நில்லுங்க."

டிரிப் வெட்டுவது என்பது பஸ் தொழிலில் தினப்படி நடப்பது. தாமதமான பஸ் விட்டதையெல்லாம் ஓடித் தீர்க்கப் பார்த்தால் நாள் முழுக்கத் தாமதமாகவே ஓடும். ஒரு டிரிப்பை இல்லையென்று வெட்டிவிட்டால் அடுத்ததை நேரத்துக்கு எடுக்கலாம். அதை எங்கே வெட்டுவது, எப்போது வெட்டுவது என்பதில் மைக் அக்காவை மிஞ்ச அந்த டெப்போவில் ஆளில்லை.

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள், மின்னலைத் தவிர. அந்தப் பெயர் டெப்போவின் குறும்பு. அவர் ஓட்டுகிற பஸ்ஸைச் சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு கையாட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் இத்தனை வருஷ சர்வீஸில் தானாக ஒரு டிரிப்பை விட்டதில்லை என்பது அவருடைய பெருமை.

"அக்கா, எனக்கு ரெண்டு டிரிப் நிக்குது. அதை முடிச்சுட்டுத்தான் அடுத்ததை எடுப்பேன்" என்றார் ஸ்பீக்கரில்.

"அது போச்சுண்ணே. இப்ப மணி என்னவோ அந்த மணிக்கு உள்ள டிரிப்பை எடுங்க."

"எப்படிக்கா போச்சுன்னு விடறது? மனசு கேக்குமா?"

"கேக்காட்டிக் கெடக்குது! விட்டதைப் பிடிக்கிறேன் பேர்வழின்னு ஓடினீங்கன்னா சாயங்காலம் வரைக்கும் எல்லாமே லேட்டுதான். ஒண்ணை வெட்டினா மிச்சம் பொழைக்கும்."

"வெட்டின டிரிப்புல ஏற வேண்டியவங்க என்னக்கா பண்ணுவாங்க?"

"அடுத்த பஸ்ல ஏறுவாங்க. அதாவது நேரத்துக்கு வரணும்ல? இது சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமேண்ணே! எல்லாத்தையும் முழுசா முடிச்சாத்தான் கிளம்புவேன்னு உலகத்துல யாராவது அடம் பிடிப்பாங்..."

பாதியில் நின்றுவிட்டாள். திரையைப் பார்த்தாள். திரையில் என்ன இருக்கிறது, அவள் கண்ணுக்குத் தெரிந்தது படுக்கையறைச் சுவர்தான். நீலம் பச்சையைத் தள்ள, பச்சை ஆரஞ்சைத் தள்ள, ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கிற அந்தச் சுவர்.

முதலில் 'க்' என்று ஒரு சத்தம்தான் வந்தது. பிறகு அடக்க முடியாமல் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேஜையில் தலையைச் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கால் மட்டும் மிதியிலேயே இருந்தது. நகரத்தில் ஓடிக்கொண்டிருந்த எல்லா பஸ்ஸிலும் மைக் அக்காவின் சிரிப்பு கணீரென்று கேட்டது. முன்சீட்டுக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சு!" என்று பன்னிரண்டாம் நம்பர் பதறினார். மேனேஜர் தண்ணீர் எடுக்க ஓடினார்.

"அண்ணே, எனக்கு ஒண்ணும் ஆகல" என்றாள் மூச்சு வாங்க. "ரெண்டு வருஷமா ஒரு பரீட்சைக்குப் படிக்கிறேன். ஒரு டிரிப்பைக்கூட வெட்டல! நான்! உங்களையெல்லாம் வெட்டு வெட்டுன்னு வெட்டறவ!"

பிறகு மின்னலின் குரல் மெதுவாக வந்தது. "அக்கா, நான் அடுத்த டைமுக்கே எடுத்துக்கறேன்."

அன்று சாயங்காலம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவர் முன்னால் நின்று, புருஷன் கையில் கறுப்பு மார்க்கரைக் கொடுத்தாள். "நீங்க பாடத்தைப் படிங்க, நான் சொல்றேன்."

"நிகழ்தகவு?"

"வெட்டுங்க."

"முழுசாவா? பாவம், அது என்ன தப்புப் பண்ணுச்சு?"

"ஆரம்பத்துலேர்ந்தே எனக்கு அது லேட். இனிமே வராது. வெட்டுங்கன்னா வெட்டுங்க."

வெட்டினார். கறுப்புக் கோடு நீலத்தின் மேல் சரேலென்று இறங்கியபோது அவளுக்கு ஒரு கணம் நெஞ்சு பதறியது. அடுத்த கணம் கிச்சுகிச்சு மூட்டியது போலச் சிரிப்பு வந்தது.

"வடிவியல்?"

"பாதி வழியில திருப்பிடுங்க. முக்கோணம், வட்டம் வரைக்கும் போகட்டும். அதுக்கு மேல கூம்பு, உருளை எல்லாம் ஆளே ஏறாத ஸ்டாப்பு."

"சதவீதம், விகிதம்?"

"ஐயோ, அங்க கூட்டம் நெரியும். வருஷா வருஷம் கேக்கறான். கூடுதலா ரெண்டு வண்டி விடுங்க."

"நோட்ஸைக் கலர்கலரா திருப்பி எழுதறதுன்னு தினமும் ஒரு கட்டம் இருக்கே?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். அது அவளுக்கு உயிர். "வெறும் வண்டிங்க அது. பாசஞ்சரே இல்லாம டீசல் எரியுது. வெட்டிடுங்க."

"இந்தக் கட்டத்துல ஒண்ணுமே எழுதலையே?"

"அது ஸ்பேர். வாரத்துல ஒரு சாயங்காலம் சும்மா நிக்கட்டும். எதாவது பிரேக்டவுன் ஆனா அதை எடுத்து ஓட்டுவேன். ஆகலைன்னா சினிமாவுக்குப் போலாம்."

"அடேங்கப்பா! சினிமாவுக்கு இடம் விட்ட மொதத் திட்டம் இதுதான்" என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக. எல்லாம் முடிந்தபோது சுவர் பார்க்கச் சகிக்கவில்லை. கோடும் அடித்தலுமாக, யாரோ கோபத்தில் கிறுக்கிய மாதிரி இருந்தது. மைக் அக்கா அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த நேரத்துக்கு எந்தப் பாடமோ அந்தப் பாடத்தைத் திறந்து படித்தாள்.

அதற்கப்புறம் நாட்கள் சிட்டாகப் பறந்தன. ஷிஃப்ட் நீண்டு ஒரு பாடம் விட்டுப்போனால், "போச்சு!" என்று கைதட்டிவிட்டு அடுத்ததற்குப் போனாள். முதல் தடவை அப்படிச் சொன்னபோது திருட்டுத்தனம் செய்தது போலக் குறுகுறுவென்று இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. டெப்போ முழுக்க விஷயம் தெரிந்துவிட்டதால் ஓட்டுநர்கள் விடவில்லை. "அக்கா, வட்டம் எந்த ஸ்டாப்புல நிக்குது?" என்று ஒருவர் கேட்பார். "விகிதம் கிளம்பிடுச்சா?" என்று இன்னொருவர். மின்னல் மட்டும் கிண்டல் செய்யாமல், "நிகழ்தகவு பாவம்க்கா" என்பார்.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைசி மாதிரித் தேர்வை எழுதிப் பார்த்தாள். தேவையான மதிப்பெண்ணுக்குக் கீழே போனது. கொஞ்சம்தான் கீழே, ஆனாலும் கீழேதான்.

"நான் நாளைக்குப் போகலங்க" என்றாள்.

பல் செட்காரர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர், ஈரக் கையோடு வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நிகழ்தகவுல மட்டும் அஞ்சு கேள்வி. அஞ்சும் போச்சு. முழுசாப் படிச்சிருந்தா..."

"முழுசாப் படிக்கக் கிளம்பியிருந்தா நீ இன்னும் மொத நீலத்துலயே நின்னுக்கிட்டிருப்ப."

"எனக்குப் பயமா இருக்கு. நிஜமாவே பயமா இருக்குங்க. போகாம இருந்தா, போயிருந்தா கிடைச்சிருக்கும்னு சொல்லிக்கலாம். போயும் கிடைக்கலைன்னா என்ன சொல்றது?"

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். "பயமா இருந்தா இருக்கட்டும். அதையும் கூட்டிக்கிட்டுப் போ. அதுக்குத் தனியா ஹால் டிக்கெட் கேக்கவா போறாங்க?" என்றார். அவள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவர் தோளில் இடித்தாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை.

காலையில் அவள்தான் முதலில் செருப்பை மாட்டினாள். "வாசல் வரைக்கும் நானும் வரேன்" என்று அவரும் கிளம்பினார். வந்த பஸ்ஸைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. ஓட்டுநர் சீட்டில் மின்னல்!

"ஏறுங்கக்கா! இன்னைக்குப் பாருங்க, பறக்கறேன்" என்றார். பறந்தாரா? உருட்டினார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஏறுகிறவர்களிடமெல்லாம், "நம்ம அக்கா பரீட்சைக்குப் போறாங்க" என்று சேதி சொன்னார். ஒருவர் வாழ்த்தினார், ஒருவர் பேனா இருக்கிறதா என்று விசாரித்தார், ஓர் அம்மாள் படியில் நின்றபடியே தன் மகன் எழுதிய பரீட்சைகளின் கதையை ஆரம்பித்தார். பஸ் தாமதமாகிக்கொண்டே போனது. தேர்வு மையத்தின் கதவைச் சாத்திவிட்டால் சாத்தினதுதான், யாருக்காகவும் திறக்க மாட்டார்கள். மைக் அக்கா வெளியே எட்டி எட்டிப் பார்த்தாள்.

அப்போது ஸ்பீக்கர் கரகரத்தது. அவளுக்குப் பதிலாக அன்று கன்ட்ரோலில் உட்கார்ந்திருந்த தோழி, அவளிடமே வேலை பழகியவள். "அண்ணே, ரொம்ப லேட்டு நீங்க. சந்தையோட திரும்பிடுங்க. டிரிப்பை வெட்டியாச்சு."

மின்னல் மைக்கைப் பிடுங்காத குறையாக எடுத்தார். "என்னம்மா வெட்டறது? உள்ள யாரு இருக்காங்கன்னு தெரியுமா? நம்ம மைக் அக்கா! பரீட்சைக்குப் போறாங்க!"

தோழி தயங்கித் தயங்கி, "அக்கா... என்ன செய்யட்டும்? விட்டுடவா?"

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். விடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த பஸ் வேறெங்கும் திரும்பாமல் தேர்வு மையம் வரை போகும். உருட்டிக்கொண்டே போகும். அவள் எழுந்து போய் மைக்கை வாங்கினாள்.

"பின்னாடி வர்ற வண்டி என்ன நிறம்?"

"பச்சைக்கா."

"அப்ப வெட்டு."

சந்தை ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கினார்கள். முணுமுணுத்தவர்களிடம், "அடுத்த பஸ் நேரத்துக்கு வரும்" என்று சொல்லிக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷம் அறைக்குள் உட்கார்ந்து இப்படி எத்தனை பேரை இறக்கிவிட்டிருப்பாள்! ஸ்டாப்பில் நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை. தெருமுனையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முனையில் ஒரு பஸ் திரும்பியது.

"வந்துடுச்சுங்க!" என்று கூவினாள், உலகத்தில் முதல்முறையாக பஸ்ஸைப் பார்க்கிறவள் மாதிரி. அந்த ஓட்டுநர் காற்றாக ஓட்டினார். இறங்கி இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு ஓடினார்கள். காவலாளி கதவில் கையை வைத்திருந்தார். அவள் அந்தக் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள்.

கணினியில் முதல் கேள்வி வந்தது. ஒரு பையில் சில சிவப்புப் பந்துகள், சில நீலப் பந்துகள், கண்ணை மூடிக்கொண்டு இரண்டை எடுத்தால்... நிகழ்தகவு! அவளுக்கு வந்த சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கண்காணிப்பாளர் திரும்பிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையாட்டிவிட்டு, எதையோ ஒன்றை அழுத்திவிட்டு, அடுத்ததற்குப் போனாள். அடுத்தது விகிதம். அதற்கடுத்தது சதவீதம். அப்புறம் அவள் நிமிரவேயில்லை.

முடித்ததும் மதிப்பெண் திரையிலேயே வந்துவிடும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றதால் பார்த்தாள். தேவையானதற்கு மேலே. நூலிழை மேலே, ஆனாலும் மேலே! இன்னொரு கண்ணையும் திறந்து பார்த்தாள். மாறவில்லை.

வெளியே வந்தபோது பல் செட்காரர் எதிரில் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். அவள் இரண்டு கையாலும் மேலே மேலே என்று காட்டினாள். அவர் அவளை அப்படியே தூக்கிவிட்டார். இறக்கிவிட்ட பிறகுதான் அவளுக்குத் தோன்றியது.

"நீங்க ஏன் இன்னும் இங்க இருக்கீங்க? லேபுக்குப் போகலையா?"

"லீவு."

"எப்ப போட்டீங்க?"

"ஹால் டிக்கெட் வந்த அன்னைக்கே போட்டுருவேன். வருஷா வருஷம் போடறதுதானே."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. போன வருஷம் அந்தக் காலையில், லேபில் கரன்ட் இல்லையென்று சொல்லிவிட்டு அவர் வீட்டில் இருந்தார். அதற்கு முந்தின வருஷம் மிஷின் ரிப்பேர் என்றார். இரண்டு தடவையும் அவள் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்திருந்தாள். மத்தியானமாக எழுந்து, சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று எரிந்து விழுந்து, அலமாரி முழுவதையும் இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்லி அவர் உயிரை எடுத்தாள். அவர் வாயைத் திறக்காமல் செய்தார்.

"என்கூட வர்றதுக்கா?" என்றாள். "ஏங்க ஒரு வார்த்தை சொல்லல?"

"நீயே நொந்து போய்ப் படுத்திருந்த. அதுல இது வேறயா?"

"இன்னைக்கும் நான் போகலைன்னு சொல்லியிருந்தா?"

"அலமாரியைச் சுத்தம் பண்ணியிருப்பேன்."

மைக் அக்கா அங்கேயே, தேர்வு மையத்தின் வாசலில், பட்டப்பகலில் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை பாதியில் சிரிப்பாக மாறியது. அவருக்கும் அது தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். காவலாளி வேகமாக வந்தார். "உள்ள இன்னும் எழுதிக்கிட்டிருக்காங்கம்மா. கொஞ்சம் தள்ளிப் போய்ச் சிரிங்க" என்றார்.

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு தெருவை நோக்கி ஓடினார்கள்.